லீவு முடிய அஞ்சு நாள், கையில ஒரு பேப்பர் கட்டு

முதலாம் நாள், புதன்

திங்கக்கிழம பள்ளிக்கூடம் தொடங்குது. ரெண்டாந் தவணை லீவு விட்டண்டைக்கு ஒரு பெரிய திட்டம் இருந்தது, நுவரெலியா போறது, ஸ்வெட்டர் போட்டுட்டு குளிருக்குள்ள நிண்டு ஒரு போட்டோ எடுக்கிறது எண்டு, பிறகு சம்பளத்துல லோன் வெட்டின மிச்சத்தப் பாத்துட்டு அந்தத் திட்டத்த மடிச்சி அலுமாரிக்குள்ள வச்சாச்சி. லீவுல பாதி அம்மாட கண் கிளினிக்கோட போச்சி, மிச்சப் பாதி கூரைக்கு ஓடு மாத்தின வேலையோட போச்சி. இப்ப கையில கிடக்கிறது அஞ்சு நாள். அஞ்சு நாளும் காலையில வெளிக்கிட்டா பொழுதுபடத்தான் வீடு, ஆனா மட்டக்களப்பு அம்பாறைய விட்டு வெளிய கால் வைக்கிறதில்ல, இதுதான் என்ட டூர். ஒவ்வொரு நாளும் ராவைக்கு இஞ்ச எழுதுறன், வாசிக்கிற ஆக்கள் வாசிங்க.

ஒரு கரைச்சல் மட்டும் இரிக்கு. ஒம்பதாம் ஆண்டு வரலாற்றுப் பேப்பர், 38, இன்னும் ஒண்டும் திருத்தல்ல. அதால கட்டும் என்னோடயே வரும். போற இடத்துல எல்லாம் ஏழு எட்டா திருத்தினா ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சிரும் எண்டு கணக்கு.

களுவாஞ்சிகுடியில பஸ் ஏறி டவுனுக்குப் போனன். முதல்ல கோட்டை. இந்தக் கோட்டையப் பத்தி எத்தின வருஷமா கரும்பலகையில எழுதியிருப்பன், 1628 இல போர்த்துக்கேயர் கட்டினது, பத்து வருஷத்தால 1638 இல ஒல்லாந்தர் புடிச்சது எண்டு, ஆனா ஆறுதலா உள்ள நடந்து பாத்ததே இல்ல. கச்சேரி, அதான் மாவட்டச் செயலகம், கன காலம் அதுக்குள்ளதான் இருந்தது, நாம போனதெல்லாம் ஏதாவது ஃபோர்ம் நிரப்பத்தான். இண்டைக்கு ஒரு ஃபோர்மும் இல்லாம போய் பீரங்கிக்குப் பக்கத்துல குந்தி வாவியப் பாத்துட்டு இருந்தன். ரெண்டு பேப்பரும் திருத்தினன். "போர்த்துக்கேயர் கோட்டையை ஏன் கட்டினர்?" எண்ட கேள்விக்கு ஒரு பிள்ளை எழுதியிருக்கு, "இருப்பதற்காக." சரியா பிழையா எண்டு அஞ்சு நிமிஷம் யோசிச்சன். அரை மார்க்ஸ்.

காந்திப் பூங்காப் பக்கம் வந்தா வில்லியம் ஓல்ட்ட நெனைக்காம போக ஏலாது. 1814 இல மெதடிஸ்த பாதிரியா வந்து இறங்கி பள்ளிக்கூடம் தொடங்கி அடுத்த வருஷமே செத்துப் போன மனிசன். வந்து ஒரு வருஷங்கூட ஆகல்ல, இருநூறு வருஷம் கழிச்சும் பேர் நிக்குது. நான் பதினொரு வருஷமா ஒரே பள்ளிக்கூடம், இன்னும் ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு ஃபேன் எடுக்க முடியல்ல.

பின்னேரம் கல்லடிப் பாலம். 2013 இல புதுப் பாலம் திறந்த பிறகு வாகனமெல்லாம் அதால போகுது, பழைய இரும்புப் பாலம் காத்து வாங்க வாற ஆக்களுக்குத்தான். இண்டைக்கு நான் காத்து வாங்கல்ல, காத்துதான் என்னட்ட வாங்கிட்டுப் போச்சி. ஆடி போய் ஆவணி வந்தும் இந்தக் கச்சான் விட்டபாடில்ல. வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றன், கச்சான் எண்டா எங்களுக்குக் கடலையும் கச்சான்தான், காத்தும் கச்சான்தான். தென்மேற்குப் பருவக்காத்து தன்ட மழையெல்லாத்தையும் மலைநாட்டுக்கு அங்கால பக்கம் கொட்டிட்டு, காய்ஞ்சி போய், வெறுங்கையோட எங்கட பக்கம் இறங்கி வரும், அதுதான் கச்சான் காத்து. அடுப்ப ஊதுற மாதிரி மூஞ்சில அடிக்கும். பாலத்துக் கம்பியில சாஞ்சி மூணாவது பேப்பரத் திறந்தன், ஒரே இழுப்பு, பேப்பர் ஆத்துக்குள்ள.

கீழ தோணியில நிண்ட ஒரு அண்ணன் கண்டுட்டு துடுப்பால வளைச்சி எடுத்துக் கரைக்குக் கொண்டு வந்து தந்தார். ஜெல் பேனையால எழுதின பேப்பர், நீலமெல்லாம் கரைஞ்சி பேப்பரே ஒரு வானம் மாதிரி ஆகிட்டு. சுட்டெண் இல்ல, பேரும் இல்ல. சிவப்புப் பேனையால கோடு கீறி "3." எண்டு போட்டது மட்டும் அப்பிடியே நிக்குது. "டீச்சரா?" எண்டு கேட்டார் அண்ணன். என்னண்டு தெரியும் எண்டன். "கட்டப் பாத்தாத் தெரியாதா?" எண்டு சிரிக்கிறார்.

இந்த வாவியில மீன் பாடும் எண்டு சொல்வாங்களே, வந்ததுக்கு அந்த மீன் பாட்டையும் கேப்பம் எண்டு அவரட்டயே கேட்டன். துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காத வச்சாக் கேக்கும் எண்டு சின்னனில இருந்து சொல்றாங்க, முப்பத்தாறு வயசாகியும் நான் கேட்டதில்ல. வச்சிப் பாத்தன். பாலத்துல போற பஸ்ட சத்தம்தான் கேட்டது. "பறுவத்துக்கு வாங்க டீச்சர், முழு நிலா வேணும், இப்ப நிலா காணாது" எண்டார்.

ரெண்டாம் நாள், வியாழன்

ஸ்கூட்டியில கொக்கட்டிச்சோலை. பெரியம்மாட மகள் வீடு அங்க, "வாறன் வாறன்" எண்டு ரெண்டு வருஷமாச் சொல்லிட்டே இருந்தது. மண்முனையால கடந்தா சுகம். 2014 இல பாலம் திறக்கு மட்டும் அதுவும் பாதைதான். பாதை எண்டா நாங்க ரோட்டச் சொல்லல்ல, ரெண்டு வள்ளத்த சேத்துக் கட்டி மேல பலகை அடிச்சி மோட்டசைக்கிள், ஆக்கள், ஆடு எல்லாத்தையும் ஏத்திட்டு வாவியக் கடக்குமே, அதுதான் பாதை. நான் பள்ளிக்கூடம் போறது இப்பவும் குருமண்வெளிப் பாதையிலதான். வாவிக்கு இஞ்சால சூரியன் எழும்புற பக்கம் எழுவான்கரை, அங்கால அது படுற பக்கம் படுவான்கரை. வீடு எழுவான்கரை, வேலை படுவான்கரை, சம்பளத்துல பாதி பெற்றோல்.

மகிழடித்தீவு தாண்டினா ரோட்டுல பாதி நெல்லு. சிறுபோக வெட்டு முடிஞ்சி காயப் போட்டிருக்காங்க, ஒரு பக்கத்தால மட்டும்தான் வாகனம் போகும், நடுவுல கல்லு வச்சி அடையாளம். ஒரு அம்மம்மா குடை புடிச்சிட்டு கதிரை போட்டு இருந்து நெல்லுக்குக் காவல். ஸ்கூட்டிய நிப்பாட்டி காலால கொஞ்சம் நெல்ல அளைஞ்சி பாத்தன், உள்ளங்காலுக்குக் கீழ சுடுகுது, சின்னப் பிள்ளையில செஞ்ச வேலை. "மிதிக்கிறதெண்டா வடிவா மிதி மகள், அடியில கிடக்கிறதும் காயட்டும்" எண்டா அவ. அப்ப வேலையா செஞ்சி குடுத்தன், பத்து நிமிஷம்.

தான்தோன்றீஸ்வரரக் கும்பிட்டுட்டு அக்கா வீட்ட போனன். கோயில இடிக்க வந்த போர்த்துக்கேயத் தளபதி "இந்தக் கல் நந்தி புல்லுத் தின்னுமா?" எண்டு கேட்டதாம், நந்தி எழும்பித் திண்டு சாணமும் போட்டுதாம். இந்தக் கதையையும் பேப்பர்ல கேட்டிருந்தன், ஏனெண்டா மூண்டாம் பகுதி நானே போட்டது, நம்மட மாவட்டத்தப் பத்தி மட்டும். ஒரு பிள்ளை கதையெல்லாம் வடிவா எழுதிட்டு கடைசியில, "இதனால் போர்த்துக்கேயருக்கு வெட்கம் வந்தது" எண்டு முடிச்சிருக்கு. முழு மார்க்ஸ்.

அக்கா சட்டியோட எருமைத் தயிர் வச்சா. இத எழுதாம விட்டா நான் மட்டக்களப்பாள் இல்ல. மேல மஞ்சளா ஒரு ஆடை, அத அகப்பையால ஒதுக்கினா உள்ள தயிர் வெட்டின கேக் மாதிரி நிக்கும், சட்டியச் சரிச்சாலும் ஓடாது, ஓரத்துல கொஞ்சம் பச்சைத் தண்ணி மட்டும் ஊறி வரும். மண் சட்டி தண்ணிய உறிஞ்சிறதாலதான் அந்தக் கட்டி, பிளாஸ்டிக் டப்பாவுல வாற தயிருக்கு அது வராது, யாரு என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டன். சோத்துல ஊத்தி, வாழைப்பழத்தையும் பிசைஞ்சி, கொஞ்சம் சீனியும். ரெண்டாந்தரம் போடக்குள்ள "டயட் எண்டாய்" எண்டா அக்கா. லீவு முடியட்டும்கா எண்டன்.

சாப்பிட்டுட்டு மாமரத்துக்குக் கீழ பாய் போட்டு பதினொரு பேப்பர். மூண்டாம் பகுதியில கடைசிக் கேள்வி, "ஆற்றைக் கடக்கப் பாலம் வந்தால் ஓர் ஊரில் ஏற்படும் இரண்டு மாற்றங்களை மண்முனையை வைத்து எழுதுக." பத்து மார்க்ஸ். பதினொரு பேரும் ஒரே பதில், "போக்குவரத்து இலகுவாகும். பொருளாதாரம் மேம்படும்." யாரோ ஒரு டியூசன் சேர் சொல்லிக் குடுத்த வசனம். பிழை சொல்ல ஏலாது, படிக்கத்தான் ஏலாது. பன்னிரண்டாவதத் திறக்காமலே நித்திரையாகிட்டன்.

மூண்டாம் நாள், வெள்ளி

இண்டைக்கு டூர் இல்ல. காலையில ஏழு மணிக்கு வட்ஸ்அப்புல மெசேஜ், ஒம்பதுக்கு ஒரு கூட்டமாம், கட்டாயமாம். எந்த அலுவலகம் எண்டு எழுதமாட்டன். போனா பத்தரைக்கு ஆக்கள் வந்து பதினொண்டுக்கு "அடுத்த கிழமைக்கு மாத்திட்டம்" எண்டாங்க. ஒரு பிளேன்டீ, ஒரு பிஸ்கட், அவ்வளவுதான்.

வந்து கோபத்துல எட்டுப் பேப்பர் திருத்தினன். கோபத்துல திருத்தினா மார்க்ஸ் குறையும், அதால பிறகு எல்லாத்தையும் இன்னொருக்காப் பாத்து கூட்டிப் போட்டன்.

போன்ல இருந்த இடாப்புப் படத்த, அதான் வகுப்புப் பேர்ப் பட்டியல, வச்சி ஒவ்வொரு சுட்டெண்ணா வெட்டிப் பாத்தன். கரைஞ்ச பேப்பர் யாரடதெண்டு கண்டுபுடிச்சாச்சி. பின் வாங்கு, அதான் கடைசி பெஞ்ச், ஜன்னல் பக்கம், கிழமையில ரெண்டு நாள் வராத பொடியன். வாற நாளுல ஜன்னலால ஆத்தப் பாத்துட்டு இருப்பான். நான் இன்னும் வீட்டுல யாரட்டயும் சொல்லல்ல.

நாலாம் நாள், சனி

பொத்துவில். என்னோட படிப்பிக்கிற கணக்கு டீச்சரும் வந்தா, அவ கல்முனை ஆள். வெள்ளிக்கிழம எண்டா ஜும்மா, வீட்டுல ஆக்கள் இருப்பாங்க, சனி எண்டா வாறன் எண்டு சொல்லியிருந்தா. அவட உம்மா விடியச் சாமம் எழும்பி இடியப்பமும் பாலாணமும் மாசிச் சம்பலும் கட்டித் தந்திருக்கா, டிஃபின் பொக்ஸ் என்ட பேப்பர் கட்ட விடப் பாரம்.

பஸ்ஸுல ஜன்னல் சீட். காரைதீவு வரக்குள்ள நான் சிரிக்கத் தொடங்கிட்டன், டீச்சர் என்ன எண்டு கேட்டா. கட்டத் திறந்து காட்டினன். "சுவாமி விபுலானந்தர் பிறந்த ஊர் எது?" எண்டதுக்கு ஒரு பிள்ளை: "யாழ்ப்பாணம். அதனால்தான் யாழ்நூல் எழுதினார்." பஸ்ஸுக்குள்ள ரெண்டு டீச்சர்மாரும் விழுந்து விழுந்து சிரிச்சா சனம் என்ன நெனைக்கும். 1892 இல அடிகளார் பிறந்த ஊருக்குள்ளாலேயே பஸ் போய்ட்டிருக்கு, பிள்ளை அவர யாழ்ப்பாணத்துக்கு ரான்ஸ்பர் பண்ணிட்டு. ஆனா பாருங்க, யோசிச்சித்தான் எழுதியிருக்கு. யாழ் எண்டா பழைய தமிழ் இசைக்கருவி, அத வருஷக்கணக்கா ஆராய்ஞ்சி 1947 இல நூல் வெளிவந்து அதே வருஷமே அவர் போய்ட்டார் எண்டு நான் வகுப்புல சொன்னனா? சொல்லல்ல. நூல்ட பேர் மட்டும்தான் சொன்னன். இது எனக்குத்தான் பூச்சியம்.

நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி. ஒரு ஊர் முடிய மற்ற ஊர், ஒரு பள்ளிவாசல் ஒரு கோயில் ஒரு தென்னந்தோப்பு, கோமாரி தாண்டினாப் பிறகுதான் காடும் வெளியும். யானை நிக்குமா எண்டு பாத்துட்டே வந்தம், மாடுதான் நிண்டது.

அறுகம்பை உல்லையில இந்தக் காலம் முழுக்க வெள்ளைக்காரர். சித்திரையில இருந்து ஐப்பசி மட்டும் அலை நல்லாம், அலைச்சறுக்குப் பலகையத் தூக்கிட்டு வெறுங்காலோட திரியிறாங்க. எங்கட மீன்புடி வள்ளங்கள் ஒரு பக்கம், அவங்கட பலகைகள் மறுபக்கம், வலை காயப் போட்டிருக்கிற இடத்துல ஒரு வெள்ளைப் பொடியன் துவாயக் காயப் போட்டிருக்கான், வலைக்காரரும் ஒண்டும் சொல்லல்ல.

நாங்க ரெண்டு பேரும் வள்ளப் பக்கம்தான் இறங்கினம். டீச்சர் அபாயாவோட, நான் சல்வாரோட, கையக் கையப் புடிச்சிட்டு முழங்கால் தண்ணிக்குள்ள நிப்பம் எண்டுதான் போனது, ஒரு அலை வந்து ரெண்டு பேரையும் இருத்திட்டு, பிறகென்ன, நனைஞ்சது நனைஞ்சதுதான் எண்டு ஒரு மணித்தியாலம். டீச்சர்ட ஒரு செருப்புப் போச்சி. அவ தண்ணிக்குள்ள இருந்துட்டு சத்தம் போட்டுச் சிரிக்கிறத நான் ஏழு வருஷத்துல இண்டைக்குத்தான் கண்டன், ஸ்டாஃப் ரூமுல அவட முகம் எப்பவும் வகுத்தல் கணக்கு மாதிரித்தான் இருக்கும். அம்மாவையும் கூப்பிட்டுத்தான் பாத்தன், வரல்ல. 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு அவ கடலுக்கு வாறல்ல. ஆறெண்டா எங்கயும் வருவா.

காயும் மட்டும் ஒரு கடையில இருந்தம். ஒரு கோப்பி 1200 ரூபா, ஒண்ட வாங்கி ரெண்டு பேரும் குடிச்சம், வெயிட்டர் தம்பி விளங்கி ரெண்டு கோப்பை கொண்டு வந்தான், புண்ணியவான். நான் கட்ட எடுத்துத் திருத்தத் தொடங்கக்குள்ள பக்கத்து மேசை வெள்ளைக்காரி சிவப்புப் பேனையப் பாத்துட்டு எழும்பி வந்துட்டா. அவவும் டீச்சராம்! அவங்க ஊருலயும் கோடை முடிஞ்சி அடுத்த கிழம பள்ளிக்கூடமாம். எங்கட உடைஞ்ச இங்கிலீசுல கதைச்சம். அவட வகுப்புல இருபத்திநாலு பிள்ளைகள், அதுவே கூடவாம். முப்பத்தெட்டு எண்டு நான் சொன்னதும் கண்ண விரிச்சா. பிறகு ஞாயித்துக்கிழம பின்னேரம் வயித்துக்குள்ள ஒண்டு பிசையுமே, அது உங்களுக்கும் வருமா எண்டு நான் வயித்தத் தொட்டுக் காட்டிக் கேட்டன், அவ தன்ட வயித்தத் தொட்டுத் தலையாட்டினா. அதுக்குப் பிறகு பாஷை தேவைப்படல்ல.

பஸ்ஸுல டீச்சர்ட்ட கரைஞ்ச பேப்பரக் காட்டினன். வெளிச்சத்துல புடிச்சிப் பாத்துட்டு, "மத்தப் பாடங்கள்ட சராசரிய எடுத்துப் போடுங்களன் டீச்சர்" எண்டா. கணக்கு டீச்சர் வேற என்ன சொல்லுவா.

அஞ்சாம் நாள், ஞாயிறு

பறுவம். மண்டூர் முருகன்ட தீர்த்தம். அம்மா மூணு மணிக்கே எழும்பி தலை முழுகிட்டு "வெளிக்கிடுகா" எண்டு நிக்கிறா. குருமண்வெளித் துறையில விடியக்குள்ளேயே சனம், நான் திங்கள் தொடக்கம் வெள்ளி நிக்கிற அதே துறை, ஆனா இண்டைக்குக் கையில டிஃபின் பொக்ஸ் இல்ல, சாறிக்குத் தலைப்புக் குத்தின ஊசி இல்ல, நேரம் பாக்கிறதும் இல்ல. பாதையில நிண்டு தண்ணியப் பாத்தன். பதினொரு வருஷமா கடக்கிறன், எப்பவும் பாடக்குறிப்பத்தான் பாத்துட்டுப் போயிருக்கன். கண்ணா மரத் தீவுகளுக்குள்ள இருந்து கொக்கு ஒண்டொண்டா எழும்புது.

மண்டூர சின்னக் கதிர்காமம் எண்டு சொல்றது, பூசையும் அந்த மாதிரித்தான், பூசகர் வாயத் துணியால கட்டிட்டு மந்திரம் இல்லாம செய்வார். அவ்வளவு சனத்துக்குள்ள அந்த நேரம் மட்டும் ஒரு அமைதி வரும். முப்பத்தெட்டுப் பிள்ளைகள அஞ்சு நிமிஷம் சத்தமில்லாம வச்சிருக்க நான் படுற பாடு எனக்குத் தெரியும், அதால எனக்கு அதுதான் அற்புதம்.

தீர்த்தம் முடிஞ்சி திரும்பிப் பாதையில ஏறினா ஒரு குரல், "கச்சான்! கச்சான்! வறுத்த கச்சான்!" எனக்குப் பழகின குரல். திரும்பினா நம்ம பின் வாங்குப் பொடியன். கழுத்துல ஒரு தட்டு, அதுக்குள்ள பேப்பர்ச் சுருள் சுருளா கச்சான், பாதையோட போய்ப் பாதையோட வந்து விக்கிறான். என்னக் கண்டதும் தட்டப் பின்னால மறைக்கப் பாத்தான், கழுத்துல மாட்டினத எங்க மறைக்கிற.

"டீச்சர், எங்கட பேப்பர் திருத்திட்டீங்களா?"

பொய் சொல்லலாம். அம்மா பக்கத்துல நிக்கிறா, கோயிலுக்குப் போய்ட்டு வாறம். பாலம், கச்சான் காத்து, தோணி அண்ணன், எல்லாத்தையும் சொல்லி பேக்குக்குள்ள இருந்து அந்த நீலப் பேப்பர எடுத்துக் காட்டினன். பாத்தான். "டீச்சர், கச்சானா கொண்டு போன?" எண்டு தட்டப் பாத்துட்டுச் சிரிக்கிறான். சுத்தி நிண்ட சனமும் சிரிக்குது.

மன்னிச்சிக்கோ மகன், இப்ப கேள்வி கேக்கிறன், சொல்லு, அதுக்கு மார்க்ஸ் போடுறன் எண்டன். பாதை வெளிக்கிட்டு. கோட்டைய யாரு கட்டின? போர்த்துக்கேயர், 1628, பிறகு ஒல்லாந்தர் 1638, ஒரு மூச்சுல சொன்னான். அம்பாறை மாவட்டம் மட்டக்களப்புல இருந்து எப்ப பிரிஞ்ச? முழிச்சான். மோட்டசைக்கிள்ல சாஞ்சி நிண்ட ஒரு அப்பு "அறுபத்தொண்டு" எண்டு மெதுவாச் சொன்னார். "அப்பு, இது சோதினை" எண்டன். "பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தா என்னகா, நானும் பள்ளிக்கூடம் போன ஆள்தானே" எண்டு அவர் ஏறி விழுறார். அம்மாவும் அவர்ட பக்கம்.

மூண்டாம் பகுதி கடைசிக் கேள்வி. பாலம் வந்தா ஊருல என்ன மாறும்? பேப்பர்ல என்ன எழுதின நீ?

"போக்குவரத்து இலகுவாகும் எண்டு எழுதல்ல டீச்சர், அது எல்லாரும் எழுதுவாங்க எண்டு தெரியும்." தட்ட ஒருக்காத் தூக்கிச் சரிப்படுத்தினான். "இஞ்ச பாலம் வந்தா பாதை நிண்டுரும். பாதை நிண்டா ஒருத்தரும் நிக்கமாட்டாங்க, எல்லாரும் மோட்டசைக்கிள்ல விர்ரெண்டு போயிருவாங்க. நிக்காத ஆக்களுக்கு கச்சான் விக்க ஏலாது டீச்சர்."

அப்பு "சரிதானே" எண்டார். இன்னொரு ஆள், வருத்தக்காரர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப் பாலம் வேணும்தானே எண்டு தொடங்க, பாதைக்குள்ள ஒரே வாக்குவாதம், கரை வந்ததும் தெரியல்ல. அவன் அதுக்குள்ள நாலு சுருள் வித்துட்டான்.

துறையில குந்தி அந்த நீலப் பேப்பர்லயே சிவப்பால போட்டன். அந்தக் கேள்விக்குப் பத்துக்கு எட்டு. "ஏன்டி ரெண்ட வெட்டின?" எண்டு அம்மா சண்டைக்கு வந்தா. ரெண்டு மாற்றம் எழுதச் சொல்லித்தானே கேள்வி, அவன் ஒண்டுதான் சொன்னான். அவனுக்கு அது விளங்கிட்டு, ஒண்டும் கதைக்கல்ல, ஒரு சுருள் கச்சானத் தந்துட்டு காசு வாங்கமாட்டன் எண்டு நிண்டான், நான் தட்டுக்குள்ள போட்டுட்டு வந்தன்.

நாளைக்கு வருவியா எண்டு கேட்டன். "முதல் பாதையில டீச்சர்" எண்டான், பாப்பம்.

இப்ப ராவு ஒம்பதரை. முப்பத்தெட்டும் முடிஞ்சி. கட்டுக்குள்ள எல்லாம் கச்சான் கோது, உதறி உதறி எடுத்துட்டு இருக்கன், சாறி இன்னும் அயன் பண்ணல்ல.